பூமிக்கடியில் உள்ள இருப்பும் நமது கடைக் கணக்கும்

வட்டியில் வாழலாம், முதலைத் தின்றால் கடை நிற்காது என்பது நம் தொழிலின் பாலபாடம். கச்சா எண்ணெய் பூமி நமக்குக் கொடுத்த முதல். எள்ளும் கடலையும் அடுத்த வெள்ளாமையில் மீண்டும் வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உண்டான கச்சா எண்ணெயோ எடுத்த பின் திரும்ப விளைவதில்லை.

அப்படியானால் ஒருநாள் திடீரென்று தீர்ந்துவிடுமா? இல்லை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் கையெட்டும் ஆழத்தில் நீர் கிடைக்கும். இறைக்க இறைக்க ஆழம் கூடும், குடம் நிரம்ப நேரமும் உழைப்பும் கூடும். எண்ணெய் வயலும் அவ்வாறே. எளிதில் வருவது முதலில் தீரும். மீதி செலவு பிடிக்கும்.

நம் நாட்டுப் பெரிய வயலான பம்பாய் ஹை 1974-ல் கண்டறியப்பட்டு, 1976-ல் உற்பத்திக்கு வந்தது. 1980-களின் இறுதியில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கியது. 2011-12-ல் சுமார் 380 லட்சம் டன்னாக இருந்த இந்திய உற்பத்தி, 2022-23-ல் சுமார் 290 லட்சம் டன்னாகக் குறைந்தது. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். அமெரிக்காவில் 1970-க்குப் பின் பல்லாண்டுகள் குறைந்துவந்த உற்பத்தி, பாறையைப் பிளந்து எடுக்கும் முறையால் மீண்டும் உயர்ந்தது உண்மையே. ஆனால் அம்முறைக்குச் செலவு அதிகம். கிணறுகளும் விரைவில் வற்றுகின்றன.

இது மளிகைக் கடைக்குள் எப்படி நுழைகிறது? முதலில் லாரி வாடகையாக. அடுத்து பாலிதீன் கவராக. நம் சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீக்குச்சியில் ஏற்றும் மெழுகும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதே. இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு வரும் கூட்டமும் பஸ்ஸையும் வேனையும் நம்பியது. பயணச் செலவு கூடினால் கோயில் வாசல் கடைகளின் விற்பனை குறையும்.

எரிபொருள் இல்லாத சமுதாயம் எப்படி இருக்கும் என்பதை 2022-ல் இலங்கையில் கண்டோம். அங்கே காரணம் உலகில் எண்ணெய் தீர்ந்தது அல்ல, வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற்போனது. விளைவு ஒன்றுதான். ஜூன் இறுதியில் அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. நகரப் பள்ளிகள் மூடப்பட்டன, பங்க் வாசலில் நாள்கணக்கில் வரிசை நின்றது. செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. வாங்க முடியாத நாட்டுக்கு, விலை ஏறிய எண்ணெயும் தீர்ந்துபோன எண்ணெயும் ஒன்றே.

நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

1. கொள்முதல் விலையோடு லாரி வாடகையைக் கலக்காமல் தனித் தலைப்பில் எழுதுவோம். எந்தச் சரக்கின் லாபத்தை வாடகை தின்கிறது என்பது அப்போதே தெரியும்.

2. நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரே லோடாகச் சரக்கு எடுப்போம். பாதி லோடு ஏற்றினால் டீசல் செலவு பாதியாகக் குறைந்துவிடாது.

3. வற்றல், மல்லி, எள் போன்று நம் கரிசல் மண்ணில் விளைவதை அருகிலேயே வாங்குவோம்.

4. வாடிக்கையாளரைத் துணிப்பை கொண்டுவரப் பழக்குவோம்.

5. விலை ஏறும் காலத்தில் நீண்ட தவணைக் கடன் கொடுத்தால், திரும்பிவரும் பணத்தில் அதே சரக்கை வாங்க முடியாது. தவணையைச் சுருக்குவோம்.

இறுதியாக ஒன்று. தட்டுப்பாடு வரும்போது பதுக்கினால் ஒரு வாரம் லாபம் பார்க்கலாம். ஆனால் அந்த வாரத்தை ஊர் மறக்காது. அளவாகப் பங்கிட்டு, நியாய விலைக்கு விற்ற கடையைத்தான் தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் மக்கள் தேடி வருவார்கள். நம்பிக்கையும் ஒரு முதல்தான். அதையும் நாம் தின்றுவிடக் கூடாது.