பத்தாயிரம் காரணிகள் கொண்ட எண்

பேரா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ‘நிரை’ என்ற சொல் நன்கு பழக்கமானது. ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நடப்பட்டன. 60 கன்றுகளைச் சமமான நிரைகளாக நட வேண்டும் எனக் கொள்வோம். 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரண்டு வகைகளில் நிரைகளை அமைக்கலாம். ஒரு கன்று கூடி 61 ஆகிவிட்டால் இரண்டே வழிகள்தாம் உள்ளன. ஒரே நீண்ட நிரையாக நடலாம். அல்லது நிரைக்கு ஒரு கன்றாக நடலாம். ஏனெனில், 61 ஒரு பகா எண்.

60ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விஞ்சும் அளவுக்குக் காரணிகளைப் பெற்ற எண்ணை உயர் பகு எண் என்பர். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்தார். 1915இல் இலண்டன் கணிதக் கழகம் அவருடைய நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அதிலுள்ள பட்டியலின் இறுதி எண் 6,746,328,388,800 ஆகும்.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. 60 = 2 × 2 × 3 × 5. ஒரு காரணியை உருவாக்க, 2ஐ எடுக்காமலும் விடலாம். ஒரு முறையோ இரு முறையோ எடுக்கலாம். ஆக, மூன்று வாய்ப்புகள். 3க்கும் 5க்கும் இவ்விரு வாய்ப்புகள். 3 × 2 × 2 = 12. இராமானுஜனின் எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. எனவே, 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள்.

இந்த அடுக்கில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சிறிய பகா எண் கூடுதலாகவும் பெரியது குறைவாகவும் வருகின்றன; இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. எல்லா உயர் பகு எண்களுக்கும் இது பொருந்தும் என இராமானுஜன் நிறுவினார்.

கணினி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293,318,625,600. பட்டியலின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பதும் இதுவே! அதற்கு 5,040 காரணிகள் உள்ளன.

கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியதால் பிற பாடங்களில் தவறி, இந்தியாவில் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாதவர் இராமானுஜன். உயர் பகு எண்களைப் பற்றிய இவ்வாய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்குப் பட்டம் வழங்கியது. அன்று பணநெருக்கடியில் இருந்த கழகம், அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை வெளியிடவில்லை. அப்பகுதி 1997இல்தான் ஆய்விதழில் முறையாக வெளிவந்தது. அதற்குள் இராமானுஜன் மறைந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.