விவாகரத்து மனுவோடு மெடிக்கல் கார்டையும் கவனியுங்கள்

கைப்பையில் இருக்கும் மெடிக்கல் கார்டில் உங்கள் பெயரே அச்சாகியிருக்கலாம். ஆனாலும் கணவரின் கம்பெனி தந்த கார்டு என்றால் அது அவர் வேலையோடு ஒட்டியது. விவாகரத்து உறுதியானதும் ‘மனைவி’ என்ற தகுதி போகும், கார்டும் செல்லாது. அமெரிக்காவில் கோப்ரா சட்டம், பிரிந்த துணை தன் செலவில் 36 மாதம் வரை அதே காப்பீட்டில் நீடிக்க வழி தருகிறது. மலேசியாவில் அப்படியோர் உரிமை இல்லை.

நாள் கணக்கு

முஸ்லிம் அல்லாதோரின் விவாகரத்து 1976ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டத்தின்படி நடக்கிறது. இடைக்காலத் தீர்ப்பு இறுதியாகப் பொதுவாக 3 மாதம். நீதிமன்றம் அதைக் குறைக்கவும் முடியும். புதிய மெடிக்கல் பாலிசியிலோ சாதாரண நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும் என்பதே வழக்கம். 3 மாதத்தைவிட 120 நாள் நீளம். தீர்ப்பு வரட்டும் என்றிருந்தால், நடுவே காப்பீடே இல்லாத வாரங்கள் வந்துவிடும். மனு போடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள். பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

செய்ய வேண்டியவை

1. பாலிசி யார் பெயரில் என்று பாருங்கள். கணவர் உங்களுக்காகத் தனியாக எடுத்த பாலிசி என்றால் ரத்து செய்ய விடாதீர்கள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி, பிரீமியத்தை நீங்கள் கட்டலாமா என்று காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். பழைய பாலிசியே தொடர்ந்தால் காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

2. வேலை செய்கிறீர்களா? உங்கள் முதலாளியின் குழுக் காப்பீட்டில் எப்போது சேரலாம் என்று கேளுங்கள். மெர்சிங் படகுத்துறைப் பக்கத்துச் சிறு ஹோட்டல், கடைகளில் கார்டு தராவிட்டாலும் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் இருக்க வேண்டும். ஆனால் காய்ச்சலுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் சொக்சோ மெடிக்கல் கார்டு ஆகாது.

3. பிள்ளைகள் தந்தையின் கார்டில் தொடரலாம். இருவரும் சேர்ந்து மனு போட்டால், அவர்களை அதிலேயே வைத்திருப்பது, அவர் வேலை மாறினால் உங்களுக்குத் தெரிவிப்பது, கார்டு ஏற்காத செலவைப் பங்கிடுவது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

4. சேமநிதியில் வாரிசாக நியமித்த பெயர் விவாகரத்தால் தானாக மாறாது. நீங்களே மாற்ற வேண்டும்.

மெர்சிங்கில் இருப்போர்க்கு

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. கார்டு எடுப்பதானால், குளுவாங், ஜொகூர் பாருவில் நீங்கள் போகக்கூடிய தனியார் மருத்துவமனைகள் அதன் பட்டியலில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பிரீமியம் கனக்கிறதா? செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கும் திட்டங்களை 2024 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும். விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

முதலில் கணவர் வழியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ அவருடைய மனிதவளப் பிரிவிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: “என் பெயர் எந்தத் தேதியில் நீக்கப்படும்? பிள்ளைகளின் பெயர் தொடருமா?” முதல் பதிலில் வரும் தேதிக்குக் குறைந்தது 120 நாள் முன்பே உங்கள் பாலிசி தொடங்கியிருக்க வேண்டும்.