தாழ்ந்த இருக்கையும் இடுப்பு முதுகும்

இடுப்பு முதுகு வலியோடு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதாகும். பிள்ளைப்பாக்கத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றி வாழ்வோரில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்வார்கள். அடுத்து, "எதில், எவ்வளவு நேரம் உட்கார்ந்து வேலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்கிறோம். இது பலருக்கு வியப்பளிக்கிறது. பாரம் தூக்குவதால் முதுகு வலிக்கலாம், சும்மா உட்கார்ந்திருப்பதால் எப்படி வலிக்கும் என்பது அவர்களுடைய எண்ணம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் தனி மனிதர் அல்லர். எங்களிடம் வந்த பலர் சொன்னவற்றை ஒருவர் சொன்னதாக இங்கே எழுதுகிறோம். வயது நாற்பதுக்குள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில், இளமை முதல் ஆசைப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். இருவர் மட்டுமே அமரலாம். இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். முதல் இருபது நிமிடம் சுகமாக இருக்கிறது. ஐம்பதாவது நிமிடத்தில் இடுப்பில் ஒரு கடுப்பு தொடங்குகிறது. சென்னைக்கும் தொழிற்சாலைக்குமாக ஓராண்டு ஓட்டிய பின், காரை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. "வண்டியை விற்றுவிடுங்கள்" என்கிறார் மனைவி. "விற்றுத்தான் ஆக வேண்டுமா டாக்டர்?" என்று எங்களிடம் கேட்கிறார் அவர். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாத விடை இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், உட்காரும்போது உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். நிற்கும்போது நம் இடுப்பு முதுகு முன்னோக்கி இலேசாக வளைந்திருக்கிறது. உட்கார்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல, அந்த வளைவு தட்டையாகிறது. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஜே. ஜே. கீகன் பல நிலைகளில் எக்ஸ்ரே எடுத்து இதை ஆராய்ந்து, 1953இல் வெளியிட்டார். உடலுக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 135 பாகையாக இருக்கும்போது முதுகு தன் இயல்பான வளைவில் ஓய்வெடுக்கிறது. கோணம் குறையக் குறைய வளைவும் மறைகிறது என்று அவர் காட்டினார். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை இலேசாக மடக்கி உறங்கும் நிலையை நினைத்துப் பார்த்தால் இக்கோணம் எளிதில் விளங்கும்.

இனி, தாழ்ந்த காருக்கு வருவோம். அதில் முதுகுச் சாய்வு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் மேற்சொன்ன கோணம் சற்றே விரிகிறது. இது நன்மை. ஆனால் கால்கள் தரைக்கு இணையாக முன்னே நீண்டிருக்கின்றன. தொடையின் பின்புறத் தசைகள், நாம் அமரும்போது பாரம் தாங்கும் அந்த இரு எலும்பு முனைகளிலிருந்தே தொடங்கி முழங்காலைத் தாண்டிச் செல்கின்றன. முழங்கால் நீள நீள அத்தசைகள் இழுபட்டு, இடுப்பெலும்பின் அடியை முன்னே இழுக்கின்றன. இடுப்பெலும்பின் மேற்பகுதி பின்னே சாய்கிறது. முதுகு கூன் விழுகிறது. தரையில் காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் தாங்கினால் நீங்கள் இளையவர். அந்தக் காரில் நீங்கள் செய்வது ஏறத்தாழ அதுவேதான். இதனோடு நெரிசலில் இடது கால் ஓயாமல் கிளட்சை மிதிக்கும்போது, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருக்கையில் ஒரு நூலளவு முன்னே நழுவுகிறது. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையின் மாலை நேரத்தை அறிந்தவர்களுக்கு, அந்த மிதிகளின் எண்ணிக்கையை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள இடைவட்டை நோயாளர்கள் 'டிஸ்க்' என்றே சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். உட்காரும்போது டிஸ்க்கின் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை, ஊசி செலுத்தி நேரே அளந்தவர் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன். 1960களில் வெளிவந்த அவருடைய அளவீடுகளின்படி, சாய்வின்றி உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது. மருத்துவமனைச் சுவர்களில் தொங்கும் பல படங்களுக்கு மூலம் அதுவே. ஆனால் 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர், தன்னார்வலர் ஒருவரின் டிஸ்க்கில் உணர்கருவியைப் பொருத்தி நாள் முழுதும் அளந்தபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், தளர்ந்து உட்கார்ந்திருக்கும்போது 0.46. அதாவது, உட்காருவது நிற்பதைவிடக் கொடியது அன்று. முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோதோ அது 2.3 வரை ஏறியது. உட்காரும் அழுத்தத்தைக் கண்டு அஞ்சுவதைவிட, நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம் என்பது அவர்களுடைய முடிவு. டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தம் கூடிக் குறையும்போது உட்புகுந்து வெளியேறும் நீரும் அதற்கு உணவு செல்லத் துணைபுரிகிறது. ஒரே நிலையில் இருக்கும் டிஸ்க் பட்டினி கிடக்கிறது என்று சொல்லலாம்.

சிலர் இந்த இடத்தில், "அப்படியானால் கார் என் டிஸ்க்கைத் தேய்த்துவிட்டதா?" என்று கலங்குகிறார்கள். 1975இல் அமெரிக்காவில் கெல்சியும் ஹார்டியும் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டியோட்டும் ஆண்களுக்கு டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டார்கள். அதே வேளையில் 2002இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்று, ஒருவர் வாழ்நாள் முழுதும் மிகுதியாக வண்டியோட்டியவர், மற்றவர் அவ்வாறு ஓட்டாதவர் என அமைந்த 45 ஒத்த இரட்டையர் இணைகளை எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டது. டிஸ்க்குகளின் தேய்மானத்தில் இருவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஓட்டுவது வலியைத் தூண்டலாம். ஆனால் முதுகை அரித்துத் தின்றுவிடுகிறது என்று கருத வேண்டாம். இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதே பலருக்குப் பாதி மருந்தாக இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நம் பகுதிக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவானது வண்டலூர் பக்கம்தான். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே, இங்கிலாந்தில் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ஓடினார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், இங்கே ஓட்டிப் பழகியவர். அத்தகைய பந்தயக் காரின் இருக்கையை எப்படிச் செய்கிறார்கள் என்பது எங்கள் பாடத்துக்கு மிகவும் பயன்படும். ஓட்டுநரைக் காருக்குள் அமர்த்தி, அவருக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு பையில் இளகிய பொருளை நிரப்பி இறுகவிடுகிறார்கள். அவருடைய முதுகின் மேடு பள்ளம் அனைத்தும் அச்சாகப் பதிகின்றன. அவ்வச்சிலிருந்து இருக்கை உருவாகிறது. உலகில் அதைவிடப் பொருத்தமான இருக்கை இல்லை. ஆனால் அப்பந்தயம் ஓடுவது இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டே. அந்த இருக்கையின் நோக்கம் சுகம் அன்று. வளைவுகளில் உடல் நழுவாமல் பிடித்து வைப்பது.

எங்கள் அன்பரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை பந்தய இருக்கையின் தம்பி. இருபுறமும் உயர்ந்த விளிம்புகள் தொடையையும் விலாவையும் அணைத்துப் பிடிக்கின்றன. கடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்ப்பவருக்கு அது தாய்மடி போலத் தோன்றும். ஐம்பதாவது நிமிடத்தில் உடல் சற்றே புரள விரும்பும்போது, அந்த அணைப்பே தடையாகிறது. நீண்ட நாள் சுகம் என்பது இருக்கை நம்மை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு அசைய விடுகிறது என்பதைப் பொறுத்தது.

அதிர்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமர்ந்திருக்கும் மனித உடல், வினாடிக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்கு மிகவும் இசைந்து கொடுக்கிறது. அப்போது சாலை தரும் ஆட்டத்தைவிட முதுகின் ஆட்டம் பெரிதாகிறது. கடினமான ஸ்பிரிங்கும் மெல்லிய டயரும் உடைய சிறிய காரில், சிறு பள்ளம்கூட நேரே மேலேறி வந்துவிடும். லாரிகள் ஓடி ஓடிப் பதம் பார்த்த நம் தொழிற்பேட்டைச் சாலைகளில் இது எளிய விஷயம் அன்று. வேகத்தைக் குறைப்பதும், டயர் காற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைப்பதும் செலவில்லாத சிகிச்சைகள்.

பழைய இருக்கையின் ஸ்பாஞ்சு, ஆண்டுக்கணக்கில் அமுங்கி உயரம் இழந்திருக்கும். வெயிலில் நிற்கும் காரின் வெப்பமும் நம் ஊர்ப் புழுக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன. கையால் அழுத்திப் பாருங்கள். அடித்தகடோ கம்பியோ விரலில் தட்டினால், உங்கள் எலும்பு முனைகளிலும் அது தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிய ஸ்பாஞ்சு போடத் தெரிந்த சீட் தையற்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உயரமானவர்கள் சிலர் தலை கூரையில் முட்டாதிருக்க ஸ்பாஞ்சை வெட்டித் தாழ்த்துவதும் உண்டு. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற சிறு கார்களை வைத்திருப்போரிடையே இது பழக்கமான வேலை. வெட்டலாம், ஆனால் எலும்பு முனைகள் அமரும் இடத்தில் போதிய தடிப்பை விட்டு வையுங்கள். விளிம்பில் காற்றுப்பை பொருத்திய இருக்கையாயின் கத்தியே வேண்டாம்; அதன்மேல் இறுக்கமான உறையும் வேண்டாம்.

சரிசெய்யும் வரிசையைச் சொல்கிறோம். பெரும்பாலோர் முதலில் சாய்வைத் தொடுகிறார்கள், அது தவறு. முதலில் பின்பக்கத்தை இருக்கையின் மூலை வரை தள்ளி அமருங்கள். கிளட்சை முழுதும் மிதித்த நிலையில் முழங்கால் சற்றே மடிந்திருக்கும் வரை இருக்கையை முன்னே கொண்டுவாருங்கள். இந்த ஒன்றே தொடைத் தசையின் இழுப்பை வெகுவாகக் குறைக்கும். பிறகு சாய்வு: நேர்க்குத்துக்குச் சற்றுப் பின்னே, 100 முதல் 110 பாகை. தோள் சாய்விலிருந்து விலகாமல், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். அதற்கு மேல் சாய்ந்தால் சாலையைப் பார்க்கக் கழுத்து முன்னே வளையும். இடுப்பு வலி கழுத்து வலியாக இடம் மாறும், அவ்வளவே. மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளி கட்டாயம். இடுப்பு வளைவில், பெல்ட் கட்டும் உயரத்தில், சிறிய துவாலை ஒன்றைச் சுருட்டி வையுங்கள். தடித்த தலையணை வேண்டாம். அது உடலை முன்னே தள்ளி, சீட் பெல்ட்டின் பிடியையும் கெடுக்கும். பின்பையில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று வந்த சிலருக்கு எங்கள் முழுச் சிகிச்சையும் இதுவாகவே இருந்திருக்கிறது.

வலி இருக்கும் காலத்தில் அரை மணிக்கு ஒருமுறையும், இல்லாத காலத்தில் மணிக்கு ஒருமுறையும் இறங்கி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இறங்கும்போது ஒரு காலை வெளியே வைத்து உடலைத் திருகி எழாதீர்கள். இரு கால்களையும் சேர்த்து வெளியே திருப்பி, கைகளை ஊன்றி எழுங்கள். எழுந்தவுடன் பின்பெட்டியிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது. நெடுநேரம் வளைந்திருந்த தசைநார்கள் தளர்ந்து, முதுகைக் காக்கும் வலிமை குன்றியிருக்கும் நேரம் அது. சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். அல்லது மகனைத் தூக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியதும் உண்டு. வலி கால் வரை இறங்கினாலும், பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவையின்றிக் குறைந்துவிடுகிறது. ஆனால் இரு தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் தடைப்பட்டாலோ, தன்னை அறியாமல் கழிந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு இழுபட்டாலோ, அன்றே, அந்த மணியிலேயே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். நோயாளர் கூச்சத்தால் இதை மறைப்பார், நீங்களே கேளுங்கள். நரம்புகள் நசுங்கியிருக்கும் நேரத்தில் ஒரு நாள் தாமதமும் வாழ்நாள் இழப்பாகலாம். காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றையும் இருக்கையின் மேல் பழி போட்டுத் தள்ளிப்போட வேண்டாம். நெடும்பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இரத்தக் கட்டாக இருக்கலாம்; அதற்கும் உடனே வரவேண்டும்.

காரை விற்க வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் விடை: ஆறு வாரம் பொறுங்கள். இருக்கையைச் சரிசெய்து, ஸ்பாஞ்சை மாற்றி, தொடைப் பின்தசைகளை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்து பாருங்கள். நாள்தோறும் வேலைக்கு வரத் தொழிற்சாலைப் பேருந்து இருந்தால் அதில் வாருங்கள். ஆசைக் காரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: நீங்கள் ஓட்டும் நிலையில் அமர்ந்திருப்பதைக் கதவைத் திறந்து பக்கவாட்டில் எடுத்த படம், எத்தனையாவது நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்த தாள், நாள்தோறும் ஓட்டும்போது அணியும் காலணி. கார் வளாகத்துக்கே வருமானால், எங்கள் சிகிச்சையாளர் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து இருக்கையைப் பார்ப்பார்.