கூம்பு விழி: முதலில் வளையம், பிறகு ஒளி

தேவார வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தும் பலகை மங்கலாத் தெரியுதா? கண்ணாடி பவர் மாறிக்கிட்டே இருக்கா? கெரட்டோகோனஸாக இருக்கலாம். பதின்ம வயதில் தொடங்கும் இந்நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும். கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசம்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான கிராஸ்லிங்கிங் முறையில், வைட்டமின் பி2 சொட்டு மருந்தை ஊறவைத்து 30 நிமிடம் புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். கொலாஜன் இழைகள் இறுகும். நோய் பெரும்பாலும் நிற்கும். ஆனா கெட்டுப்போன வடிவம் அவ்வளவாகத் திரும்பாது. அதனால்தான் கூட்டுச் சிகிச்சை: பிளாஸ்டிக் வளையத் துண்டுகளைச் செருகி வடிவத்தைச் சீராக்கி, அப்புறம் ஒளியால் இறுக்குவது. கான்கிரீட் மாதிரிதான், அச்சு சரியான பிறகே இறுகவிடணும். இரண்டையும் ஒரே நாளில் செய்வதும் உண்டு.

கருவிழி 400 மைக்ரானுக்குக் கீழே மெலிந்துவிட்டால் வழக்கமான ஒளி முறை உட்புறச் செல்களைப் பாதிக்கலாம். ஆகவே கண்ணாடிக் கடைச் சோதனையோடு நிற்காம, கண் மருத்துவரிடம் கருவிழி வரைபடம் எடுத்துப் பாருங்க. துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை பெட்டாலிங் ஜெயாவில்தான். கிள்ளானிலிருந்து ரொம்பத் தூரமில்லை.