காசையும் கமராவையும் பிரித்து வையும்

அன்புள்ள தம்பிக்கு,

கனடாவில் இருந்து ஒருவர் பத்து இலட்சம் ரூபாய் அனுப்பத் தயாராக இருக்கிறார், ஆனால் உதவி வாங்குகிற சனத்தின் முகமும் அழுகையும் வீடியோவில் வரவேண்டும் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தீர். காசை வாங்கும். அந்த நிபந்தனைக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

காசு கொடுத்து வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மிஸ்டர் பீஸ்ட் என்ற பெயரில் வீடியோ போடும் அமெரிக்கர் ஜிம்மி டொனால்ட்சன் 2023 ஜனவரியில் ஆயிரம் பேருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை செய்வித்து அதைப் படமாக்கினார். பார்வை இல்லாதவர்களைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று பலர் ஏசினார்கள். ஆனால் அந்தச் சனத்துக்குக் கண் தெரிகிறது, அது சின்ன விசயம் இல்லை. நீர் கவனிக்கவேண்டியது அவருடைய தொடக்கத்தை. 2017இல் ஒரு விளம்பரதாரர் 5,000 டொலர் தர முன்வந்தபோது, 10,000 தந்தால் தெருவில் இருக்கும் ஒருவருக்கு அப்படியே கொடுத்துவிடுகிறேன், தலைப்பும் எடுபடும் என்று கேட்டு வாங்கினார். வீடியோ ஓடியது. அப்படி ஓடும் வீடியோக்களின் வருமானம் அடுத்தடுத்த வீடியோக்களில் இன்னும் பெரிய தொகைகளாக மாறியது. எவ்வளவு கொடுப்பது என்பதை முதல் நாளே தலைப்புத்தான் முடிவு செய்தது. வாங்கியவருக்கு எவ்வளவு தேவை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த வழியைப் பார்த்துப் பலரும் பின்னால் போனார்கள். 2023 ஓகஸ்டில் நியூயோர்க்கின் யூனியன் சதுக்கத்தில் கை செனட் என்பவர் பிளேஸ்டேஷன் இலவசமாகத் தருவதாக அறிவிக்க, ஆயிரக்கணக்கான பொடியள் திரண்டு கலவரமாகி, அறுபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2024இல் ஹைதராபாத்தில் ஒருவர் ஓடுகிற வாகனங்களுக்கு நடுவே நோட்டுக்களை வீசிப் படம் எடுத்தார், பொலிஸ் வழக்குப் போட்டது. இவற்றைப் பார்த்து நாங்கள் தலையில் அடித்துக்கொள்கிறோம். எங்கள் ஊரில் நடப்பது சத்தம் இல்லாமல் நடப்பதால் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் உதவி வீடியோ எடுக்கும் ஒரு குழுவோடு போயிருந்தேன். தகரக் கொட்டில், போரில் கணவனை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள். காசு உறையைக் கொடுத்தார்கள், அவர் கும்பிட்டு வாங்கினார். கமராப் பொடியன் வெளிச்சம் பின்னால் இருந்து அடிக்குது என்றான். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அம்மா, ஒருக்கா உள்ளுக்குப் போட்டுத் திரும்ப வாங்கோ" என்றார்கள். போய் வந்தார். இரண்டாம் முறை அவர் கூடுதலாக அழுதார். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மூத்த பிள்ளை மட்டும் கதவுக்குப் பின்னால் இருந்து கடைசிவரை வெளியே வரவில்லை. அவள் படிக்கும் வகுப்பில் எத்தனை பேரின் வீட்டில் போன் இருக்கும் என்று யோசித்துப் பாரும்.

வீடியோ வெளிவந்ததும் கீழே எழுதுகிறார்கள்: "வீட்டில டிவி இருக்கு, இவைக்கு என்னத்துக்கு உதவி?" அதைப் படித்த குழு அடுத்த முறை போகும்போது தானே விசாரணையைத் தொடங்கிவிடுகிறது. போன மாதம் தந்த காசை என்ன செய்தனீங்கள்? ஏன் இன்னும் கூரை போடேல்லை? கிராம சேவையாளர்கூட முற்றத்தில் நின்று இப்படிக் கேட்கமாட்டார். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி வீடியோ எடுத்துவந்த ஒருவர் ஓர் இளம்பெண்ணை அவமதித்துப் பேசிய காட்சி பரவி, சனம் கொதித்து, அவர் கைதானது உமக்குத் தெரியும். எல்லாரும் அந்த ஒரு ஆளைத் திட்டினோம். அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. வெளிநாட்டுக் காசும் கமராவும் ஒரே கையில் சேர்ந்ததால் வந்த அதிகாரம் அது. கொடுப்பவர் தூரத்தில், வாங்குபவர் வாய் திறக்கமுடியாத நிலையில். நடுவில் நிற்பவர் ஊருக்குப் பெரிய ஆளாகிவிடுகிறார். நீரும் நல்ல பிள்ளைதான். அந்த இடத்தில் ஆறு மாதம் நின்றால் நீரும் அப்படிக் கேட்கத் தொடங்குவீர்.

இன்னொன்று, கமராவோடு கொடுப்பது யாருக்கு உதவி போகிறது என்பதையே மாற்றிவிடுகிறது. ஒழுகும் கூரை படத்தில் வரும். சின்னப் பிள்ளை வரும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயோடு கிடக்கிற, எல்லாரிலும் எரிந்து விழுகிற ஐம்பது வயது மனிதர் வரமாட்டார். நுண்கடன் கட்டமுடியாமல், கிழமைக்கு ஒருமுறை வருபவனுக்குப் பயந்து அயல் வீட்டில் ஒளிந்திருக்கும் பெண்ணின் கஷ்டத்துக்குப் படமே கிடையாது. அவர்களை விட்டுவிட்டுப் படத்துக்கு ஏற்ற வீட்டையே திரும்பத் திரும்பத் தேடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், அடுத்த முறை தன் வீட்டுத் தகரத்தையும் சரிசெய்யாமல் விடுவார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அரசாங்கத்தின் அஸ்வெசும கொடுப்பனவில் ஆயிரம் குறை இருக்கிறது, தெரியும். ஆனால் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம், பிரதேச செயலகத்தில் போய்ச் சண்டை பிடிக்கலாம். அது அவர்களுடைய உரிமை, யாரையும் கும்பிடத் தேவையில்லை. யூடியூபரிடம் யார் மேன்முறையீடு செய்வது?

கொடை எங்கள் ஊரில் எப்போதும் பகிரங்கமாகத்தான் நடந்தது என்று நீர் சொல்லலாம், சரிதான். 1877 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தது ஊரறிய நடந்த காரியம். கோயில் மண்டபத்தில் உபயகாரரின் பெயர் எழுதியிருக்கும், அன்னதானத்துக்கும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். வெளியே தெரிந்தது கொடுத்தவரின் பெயர். பந்தியில் யார் இருந்தார், எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கனடாக்காரர் தன் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாகப் போடும், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

"கேட்டுத்தான் எடுக்கிறேன், சம்மதம் தருகிறார்கள்" என்று எழுதியிருந்தீர். உறை உம்முடைய கையில் இருக்கும்போது கேட்டால் ஓம் என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? முதலில் கொடும். கமரா இல்லாமல் போய்க் கொடுத்துவிட்டு வாரும். ஒரு மாதம் கழித்து, கொடுக்க ஒன்றும் இல்லாத கையோடு போய், உங்கள் கதையைப் படம் எடுக்கலாமா என்று கேளும். வேண்டாம் என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாரும். ஓம் என்றால், எடுத்ததை அவர்களுக்குப் போட்டுக்காட்டி, பிள்ளைகளின் முகத்தைத் தவிர்த்து, பிறகு வெளியிடும். எப்போது நீக்கச் சொன்னாலும் நீக்கிவிடுவேன் என்று சொல்லி உம்முடைய நம்பரையும் கொடுத்துவிட்டு வாரும்.

படத்துக்கு வேறு விசயம் இல்லையா? குழாய்க்கிணறு அடிப்பவரைப் படம் எடும், அவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தது உமக்கும் எனக்கும் தெரியாது. அஸ்வெசும மேன்முறையீட்டை எப்படி எழுதுவது என்று ஒரு வீடியோ போடும். நுண்கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சட்டத்தரணியை வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டும். பார்வை குறையத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. இதை ஒரு வருசமாவது தாங்கும் அளவுக்குக் உம்முடைய கலியாணவீட்டு வீடியோ ஓடர்களை விடாமல் வைத்திரும்.

கனடா அண்ணருக்குக் கோபப்படாமல் எழுதும். அவருடைய பயம் நியாயமானது, உதவி என்ற பெயரில் காசை விழுங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அழுகைக்குப் பதிலாக அவருக்குக் கணக்கைக் காட்டும். வன்பொருள் கடைப் பற்றுச்சீட்டு, மேசனின் கூலிச்சிட்டை, வங்கிக் கூற்று, கட்டி முடிந்த கூரையின் படம். வாங்கியவர்களின் பெயர்ப்பட்டியலை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம், அதற்கும் அவர்களிடம் கேட்டுவிட்டு. சம்மதித்தால் தொடங்கும். மாட்டேன் என்றால் என்னைக் கூப்பிடும். முகம் கேட்காமல் கணக்கு மட்டும் கேட்கிற பழைய மாணவர் சங்கங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும், பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்