படுவான்கரை வீட்டுக்கு ஒரு ரீவி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் ரீவி வாங்குவதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது. பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்ற காசு கையில் கிடக்கும்போதே சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். மட்டக்களப்பு திருமலை வீதிக் கடைகளில் விலைக்கழிவுப் பதாகைகள் தொங்கும். வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்கு வரும் முச்சக்கர வண்டிகளில் நீட்டு அட்டைப் பெட்டிகளைக் காணலாம். இலங்கையில் இடி மின்னல் கூடிய காலமும் அதே மார்ச், ஏப்ரல்தான். புது ரீவியும் அதற்கு எமனும் ஒரே மாதத்தில் ஊருக்குள் வருகின்றன என்று சொல்லலாம்.

நான் இந்த ஊருக்குக் கல்யாணம் முடித்து வந்தவன். மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே வீடு மனைவியுடையது, ரீவி தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. எங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கியதோடு அந்தப் பொறுப்பு முடியவில்லை. ஈச்சந்தீவில் இருக்கும் சகலன், விளாவெட்டுவானில் இருக்கும் மாமியின் தம்பி என்று ஆளாளுக்குக் கூப்பிட, கடைகடையாக ஏறி இறங்கியதில் ஒன்று தெளிவாகியது. கடையில் படம் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வாங்குவோர்தான் அதிகம். நம்ம வீட்டுக்கு வரும் கரண்ட், மின்னல், சிக்னல், பாயில் உட்காரும் ஆட்கள் இவற்றைப் பார்த்து வாங்கியவர்களின் ரீவிதான் நாள் செல்ல நிற்கிறது.

மின்னலில் தொடங்குகிறேன். இங்கே அதிகமான ரீவிகள் சாவது அதனால்தான். மாமியின் தம்பி கவனமான ஆள். இடி தொடங்கினால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுவார். அப்படிக் கழற்றி வைத்திருந்த ஒரு ஐப்பசி மாலையில்தான் அவருடைய ரீவி போனது. திருத்துபவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். கரண்ட் வரும் பலகை புதிது போலவே இருந்தது. எச்டிஎம்ஐ வயர் செருகும் வாய்க்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சில்லில்தான் நெருப்புக்குச்சித் தலை அளவுக்குக் கருகல். மின்னல் கூரையில் இருந்த டிஷ் வயரால் இறங்கி, டிகோடருக்குள் புகுந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரால் ரீவிக்குள் வந்திருக்கிறது. மின்னல் வீட்டில் விழவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து வளவுத் தென்னையில் விழுந்தாலும் போதும், கூரையிலிருந்து நீண்டு வரும் வயரில் ஒரு பாய்ச்சல் உண்டாகும். வயல்வெளிக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் வீட்டை விட உயரமானது சில மரங்களும் மின்கம்பங்களும்தான்.

அதனால் ரீவியை எங்கே வைப்பது என்பதை வாங்குவதற்கு முன்னமே தீர்மானிக்க வேண்டும். பிளக்கும் டிஷ் வயரும் கைக்கு எட்டவேண்டும். அலுமாரிக்குப் பின்னால் பிளக்கை ஒளித்துவிட்டு, இடி முழங்கும்போது அலுமாரியை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டும் பாட்டியின், எங்கள் பேச்சில் பெத்தாவின், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தானே. ரிமோட்டால் நிறுத்துவதும் சுவிட்சைப் போடாமல் விடுவதும் மின்னலுக்குப் போதாது. இன்னொன்று, வானம் கறுத்து இடி தூரத்தில் கேட்கும்போதே கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் முழங்கும்போது வயரைத் தொடப் போகக்கூடாது. அந்த நேரத்தில் ரீவி போனால் போகட்டும்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் ரீவி பழுதானது. கரண்ட் இல்லாமல் இருந்ததால் அல்ல, திரும்பி வந்த விதத்தால். விட்ட கரண்ட் மீண்டும் வரும் முதல் நொடிகளில் வோல்ற்றேஜ் துள்ளும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடம் கழித்துச் செருகினால் அந்தத் துள்ளலிலிருந்து தப்பலாம்.

கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்க முன் ரீவியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 100-240 வோல்ற் என்று இருந்தால், மாலையில் லைட் மங்கும் அளவுக்கு வோல்ற்றேஜ் இறங்கினாலும் அந்த ரீவி தாங்கும். அதற்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு. 220-240 என்று மட்டும் இருந்தால் யோசிக்கலாம், அல்லது வேறு மொடல் பார்க்கலாம். அந்தக் காசில் நல்ல சேர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்குவது மேல். ஆனால் வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லையென்றால் அதனாலும் பெரிய பயன் இல்லை. துள்ளி வரும் கரண்டை அது எர்த் பக்கம்தான் தள்ளிவிடும், தள்ளுவதற்கு எர்த் இருக்க வேண்டுமே. புது ரீவி வர முன்னம் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொன்னேன். மண்ணுக்குள் போகும் கம்பியின் இணைப்பு துருப்பிடித்துத் தொட்டதும் கையோடு வந்தது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஆட்களைக் காப்பாற்றுவது, ரீவியை அல்ல. பழைய வீடுகளில் உருண்டை முனைப் பிளக் பொயின்ற்தான் இருக்கும். இப்போது வரும் ரீவிகளுக்கு 13 அம்பியர் சதுர முனை வேண்டும். மல்டி பிளக்கை அதில் தொங்கவிடாமல் பொயின்றையே மாற்றிவிடுங்கள்.

இனிக் கடைக்குப் போவோம். எல்லாக் கடையிலும் பவளப்பாறைக்கு நடுவே மீன் நீந்தும் அதே 4கே படம்தான் ஓடும். மஞ்சள் மீன், நீலக் கடல், எந்த ரீவியும் அதில் அழகாகத்தான் இருக்கும். நம்ம வீட்டில் ஓடப்போவது டிஷ்ஷில் வரும் சக்தி ரீவிச் செய்தியும் வசந்தம் ரீவியும் சீரியலும். ஆகவே கையில் ஒரு பென் ட்ரைவ் கொண்டு போவேன். அதில் கன்னன்குடாவில் ஓர் இரவு போனில் எடுத்த கூத்து இருக்கும். இருட்டுக் களரி, மஞ்சள் லைட், கூத்தரின் உடுப்பில் கண்ணாடித் துண்டுகள், பின்னால் கறுப்பு வானம். மட்டமான ரீவியில் அந்த வானம் சாம்பல் நிறமாகி, முகங்கள் கட்டங்கட்டமாகப் பிரியும். கூடவே சாதாரணத் தரத்தில் பதிந்த செய்தித் துண்டு ஒன்றும் இருக்கும். முடிந்தால் கடையில் இருக்கும் டிஷ்ஷையே கொழுவிக் காட்டச் சொல்வேன்.

மாமி கூட வந்த அன்று இன்னொரு பாடம் கிடைத்தது.

"மருமகன், இதுல ஆக்கள்ற மூஞ்சி ஏன் நீலமாக் கிடக்கு?"

கடைப் பொடியன் சிரித்தான். "அது கடை மோட் அம்மா. வீட்ட போய் மாத்தலாம்."

"அப்ப இஞ்சயே மாத்திக் காட்டு மனே."

மாற்றியதும் பளபளப்பு எல்லாம் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த விலை குறைந்த ரீவியையும் அதேபோல மாற்றச் சொன்னோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் மாமி சொன்ன வரியைத்தான் நான் சொல்வது.

ஆட்கள் உட்காரும் முறை பற்றி விற்பனையாளர் யாரும் கேட்பதில்லை. விளம்பரப் படங்களில் ஒரு சோபா இருக்கும், அதில் இருவர் நேராகப் பார்த்தபடி இருப்பார்கள். எங்கள் மண்டபத்தில் பெத்தா சாய்மனைக் கதிரையில், மாமி கதவோரம், பிள்ளைகள் பாயில், கிரிக்கெட் என்றால் அயல் பொடியன்கள் யன்னல் வரை. அரைவாசிப் பேர் பக்கவாட்டில் இருந்துதான் பார்க்கிறார்கள். எல்இடி ரீவிகளின் திரைகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஐபிஎஸ் வகையில் ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவு மாறாது, ஆனால் கறுப்பு கொஞ்சம் வெளிறும். விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் ஓரத்தில் இருப்பவருக்குப் படம் வெளுத்துப்போகும். பெயரைப் பெட்டியில் தேட வேண்டாம், அநேகமாக எழுதியிருக்காது. ரீவியின் பக்கமாகப் போய், சுவரோடு ஒட்டி நின்று பாருங்கள். எங்கள் மாதிரி வீட்டுக்கு ஓரப் பார்வைதான் முக்கியம். தனியாக இருந்து இரவில் படம் பார்ப்பவர் விஏ வாங்கலாம்.

உயரமும் அப்படித்தான். பலர் ஆணியடித்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். பாயில் இருப்பவரின் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும், கதிரையில் இருப்பவருக்கு மூன்றரை அடி. திரையின் நடு இந்த இரண்டுக்கும் கிட்ட வந்தால் கழுத்து நோகாது. மாட்ட முன்னம் ரீவியை நிறுத்திவிட்டு, பகலில் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு திரையைப் பாருங்கள். வாசல் கதவும் யன்னலும் அதில் தெரிந்தால் பகல் முழுக்க அவற்றைத்தான் பார்க்க வேண்டி வரும். சுவருக்கும் ரீவிக்கும் இடையில் காற்றோட்டம் விடுங்கள், ஆனால் பல்லியை மறக்க வேண்டாம். சூட்டுக்குப் பின்துவாரங்களால் உள்ளே போய்ப் பலகையில் செத்துக் கிடக்கும். பின்பக்கத்தை அடிக்கடி தட்டித் துடைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. துவாரத்தைத் துணியால் அடைத்தால் சூடு தங்கி அது வேறு பழுது.

சத்தம் பற்றிப் பெத்தாவே சொல்லிவிட்டார். "மழ பெய்ஞ்சா வாயசைக்கிறத மட்டும்தான் பாக்குற." தகரக் கூரையில் மாரி மழை விழும்போது, மெல்லிய ரீவியின் அடியில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் என்ன செய்யும்? வெளி ஸ்பீக்கர் கொழுவ என்னென்ன வாய் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் பழைய செட் இருந்தால் அதன் வயர் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

அளவு. பெரிது நல்லது என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு, பிள்ளைகளுக்கு இன்னும் கூட. ஆனால் சாதாரண டிஷ் படத்தில் இருப்பது 576 கோடுகள். 4கே திரையில் 2160. ஒரு கோட்டை ஏறக்குறைய நாலாக இழுத்துத்தான் ரீவி படத்தை நிரப்புகிறது. 55 இஞ்சியில் அறிவிப்பாளரின் முகம் மெழுகு போல வழிவதற்கு அதுதான் காரணம். எட்டு அடி தூரத்திலிருந்து பார்க்கும் மண்டபத்துக்கு 43 இஞ்சி தாராளம். சின்ன அறைக்கு 32 போதும். 43 இஞ்சி ரீவியின் அகலம் சுமார் 95 சென்ரிமீற்றர். இப்போதைய ரீவிகளுக்குக் கால்கள் இரண்டு அந்தத்திலும்தான் இருக்கின்றன. பழைய மேசையில் ஒரு கால் வெளியே தொங்கும். போக முன் மேசையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கியூஎல்இடி, ஓஎல்இடி என்று எழுத்துக் குழப்பம் ஒன்று உண்டு. முன்னது எல்இடி வெளிச்சத்தில் இயங்கும் வழமையான திரையில் நிறம் கூட்டியது. பின்னது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது, விலையும் அதற்கேற்ற மாதிரி. நாள் முழுக்க ஒரே சனலின் இலச்சினை ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு ஓஎல்இடியை நான் சொல்லமாட்டேன், அந்த இலச்சினை நாளடைவில் திரையில் தழும்பாகத் தங்கலாம். ஸ்மார்ட் பகுதிக்காக அதிகம் கொடுப்பதும் வீண். திரை நன்றாக இருக்கும்போதே அந்தப் பகுதி மந்தமாகிவிடும், அப்போது சின்னப் பெட்டி ஒன்றைக் கொழுவிக்கொள்ளலாம். போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் கணக்குப் பாருங்கள்: எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை தின்னும், 4கே 7 ஜிபி வரை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்து வந்தவர்கள். அன்ரனாவில் வரும் படம் அங்கிருந்து வரும் ரீவிகளில் பெரும்பாலும் இங்கேயும் எடுக்கும், ஒலிபரப்பு முறை ஒன்று என்பதால். லண்டனில் வாங்கிய சில பழைய ரீவிகளில் படம் வரும், சத்தம் வராது. கனடாவிலிருந்து வருவது 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் இங்கே செருகியதோடு முடிந்துவிடும். ‘டிஜிட்டல் ரியூனர் இருக்கு’ என்பதற்கும் மயங்க வேண்டாம். இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய ஐஎஸ்டிபி-ரி முறையை. ஐரோப்பிய முறை ரியூனர் அதற்கு ஒத்துவராது. எதுவானாலும் உள்ளூர் வாரண்டி இல்லாத ரீவி, திரையில் ஒரு கோடு விழுந்தால் சுவர் அலங்காரம்தான்.

விலை கேட்கும்போது கைக்காசு விலையையும் தவணை விலையையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். உதாரணத்துக்குக் கைக்காசு 90,000 ரூபாய் என்று வையுங்கள். முன்பணம் 15,000, மாதம் 8,500 வீதம் 12 மாதம் என்றால் மொத்தம் 117,000. இருபத்தேழாயிரம் கூட. 'மாதம் எண்ணாயிரத்து ஐநூறுதானே' என்று பொடியன் சொல்லும்போது இந்தக் கூட்டல் யாருக்கும் வராது. நெல்லுக் காசு வருவது மாதாமாதம் அல்ல என்பதையும் யோசிக்க வேண்டும்.

வாரண்டி அட்டையில் திகதியும் முத்திரையும் கடையிலேயே போட்டு வாங்குங்கள். திரைக்கு எத்தனை வருடம், மற்றப் பாகங்களுக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மின்னல், வோல்ற்றேஜ் பழுதுகளை அநேகமாக எல்லாக் கொம்பனியும் விலக்கியே எழுதியிருக்கும். பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாங்கள் சுமந்துகொண்டு ரவுணுக்குப் போக வேண்டுமா, அந்தக் கூலி யாருடையது என்பதையும் கேளுங்கள். சகலனுக்கு வாங்கும்போது இதைக் கேட்டதில்தான் மலிவான ஒன்றை விட்டோம், அதற்கு சேர்விஸ் கொழும்பில் மட்டும்.

பெட்டியைப் படுக்க வைத்து ஏற்ற விடாதீர்கள். நிமிர்த்தி, திரைப் பக்கம் சீற்றில் சாய்ந்து அழுந்தாமல் ஓராள் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வீட்டில் இறக்கியதும் வண்டிக்காரனை நிறுத்தி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, கரண்டைக் கொடுத்து, திரை முழுக்க வெள்ளையும் பிறகு கறுப்பும் போட்டு, கோடோ புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே வண்டியில் திருப்பி அனுப்பலாம். இல்லையென்றால் வண்டிக்காரனுக்கு ஒரு தேத்தண்ணி. அட்டைப் பெட்டியையும் ரெஜிபோமையும் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள்.