வாயடைக்கிற பதில் வேண்டாம்

அன்பு மகளே,

விடுதித் தோழி பைபிளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு, ‘வாயடைக்கிற மாதிரி நாலு பதில்’ எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். அப்படி ஒரு பட்டியல் சித்தப்பாவிடம் இல்லை. இருந்திருந்தாலும் உனக்குக் கிடைத்திருக்காது. ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டால் அவளுடைய அடுத்த கேள்வி உன்னிடம் வராது. உன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால் பட்டியலுக்குப் பதிலாக, இந்த வேலையில் இறங்கிய சிலருடைய கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். சும்மா திட்டவில்லை, வேதத்தைப் படித்துவிட்டுத் திட்டினார். இயேசுவின் பிறப்பையே கொச்சைப்படுத்தினார். கம்பளி நெய்கிறவனும் செருப்புத் தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும்தான் இந்த மதத்தின் வாத்தியார்கள் என்றார். வீட்டுப் பெரியவர் முன்னால் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், பிள்ளைகளும் பெண்களும் தனியே அகப்பட்டால் போதனையைத் தொடங்கிவிடுவார்கள் என்று கேலி செய்தார். எதையும் ஆராயாமல் நம்பச் சொல்கிறார்கள் என்றார். உலகம் முழுவதையும் திருத்த வந்த கடவுள் ஏன் இவ்வளவு காலம் கழித்து, ஏதோ ஒரு மூலையில் வந்து இறங்கினார் என்று கேட்டார். உன் தோழி யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்பதில் பாதி இவருடைய சரக்குதான்.

அந்த நூலுக்குச் சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, 248 வாக்கில், பதில் எழுதியவர் ஒரிஜென். பாலஸ்தீனத்துச் செசரியாவில் இருந்தார், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தகப்பனார் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். ஆத்திரப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் முன்னுரையில் அவர் முதலில் நினைவுபடுத்துவது, பொய்ச்சாட்சிகளுக்கு முன் இயேசு பேசாமல் நின்றதைத்தான். பதிலே எழுத வேண்டுமா என்ற தயக்கம் அங்கே நன்றாகத் தெரிகிறது. நண்பர் அம்புரோஸ் விடவில்லை. கடைசியில் எட்டுப் புத்தகமாக வளர்ந்தது.

அதை எழுதிய முறைதான் நீ கவனிக்க வேண்டியது. முதலில் முக்கியமான குற்றச்சாட்டுகளைக் குறித்துக்கொண்டு சுருக்கமாகப் பதில் எழுதிப் பார்த்தார். பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். செல்சஸ் சொன்னதை அவருடைய வாசகத்திலேயே எடுத்து எழுதுவது, அதற்குக் கீழே தன் பதிலைச் சொல்வது, அடுத்த வாசகத்துக்குப் போவது என்று நூல் நெடுகப் போனார். செல்சஸின் மூலநூல் இன்று கிடையாது. அதன் பெரும்பகுதி நமக்குத் தெரிவது ஒரிஜென் எடுத்தெழுதியதால்தான். அசிங்கமான வரிகளைக்கூட அவர் மறைக்கவில்லை.

ஆராயாமல் நம்பச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அவர் ஒரேயடியாக மறுக்கவும் இல்லை. ஆமாம், பலருக்கு அப்படித்தான் சொல்கிறோம். பிழைப்பை விட்டுவிட்டுத் தத்துவம் படிக்க எத்தனை பேரால் முடியும், அந்த எளிய நம்பிக்கையால் அவர்கள் தீய வாழ்க்கையை விட்டால் கெட்டதா என்று கேட்டார். ஆராய முடிந்தவருக்கு ஆராய நிறைய இருக்கிறது என்றார். தத்துவப் பள்ளியில் சேருகிற மாணவனும் எல்லாப் பள்ளிகளையும் சோதித்துப் பார்த்துவிட்டா சேருகிறான் என்று திருப்பிக் கேட்டார். இது நின்று பேசுகிற பதில்.

ஒரிஜென் சறுக்கிய இடமும் உண்டு. செல்சஸை, கடவுளின் பராமரிப்பை மறுக்கிற எபிக்கூரியர் என்று முத்திரை குத்திவிட்டார். அவர் எடுத்தெழுதிய வரிகளைப் படித்தாலே செல்சஸ் பிளேட்டோவின் வழியில் வந்தவர் என்பது தெரியும். ‘அவ குடும்பமே நாத்திகக் குடும்பம்’ என்று நீ எழுதியிருந்தாயே, அதுவும் இந்த வகைதான். கேள்வி கேட்டவளின் வீட்டுக் கதை கேள்விக்குப் பதில் ஆகாது.

இனி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வா. அங்கே விசுவாசிகளும் விசுவாசம் இல்லாதவர்களும் நேருக்கு நேர் வாதாட சாக்ரடிக் கிளப் என்ற மன்றம் இருந்தது, தலைவர் சி. எஸ். லூயிஸ். 1948 பிப்ரவரி 2 அன்று, அவருடைய ‘அற்புதங்கள்’ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் வாதம் ஓட்டையாக இருக்கிறது என்று தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம் கட்டுரை படித்தார். ஆன்ஸ்கமுக்கு அப்போது 28 வயது; அவரும் கிறிஸ்தவர், கத்தோலிக்கர். நம்ம பக்கத்து ஆள் என்பதற்காக ஓட்டை வாதத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. லூயிஸும் அதைப் பகையாக எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. 1960இல் வந்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்தம் லூயிஸின் நேர்மையைக் காட்டுகிறது என்று ஆன்ஸ்கமே பின்னாளில் எழுதினார்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆன்ஸ்கம் இருந்தால் தேவலை. சாகும்போது டார்வின் மனந்திரும்பி பைபிளைக் கையில் எடுத்தார் என்ற செய்தியை நீயும் அனுப்பியிருந்தாய். டார்வின் இறந்தது 1882இல். அந்தக் கதை அச்சில் வந்தது 1915இல், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், லேடி ஹோப் என்ற பிரசங்கி அம்மையார் சொன்னதாக. டார்வினின் மகள் ஹென்ரியெட்டா, கடைசி நேரத்தில் தான் தகப்பனார் பக்கத்தில் இருந்ததாகவும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும் 1922இல் எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கு முன்பே பொய் என்று தெரிந்துபோன கதை. உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால், அடுத்து நீ உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்?

எதிர்த் தரப்பிலும் வதந்திக்குக் குறைச்சல் இல்லை. பைபிளில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று 325இல் நிசேயா சங்கத்தில் ஓட்டுப் போட்டார்களாம். அங்கே பேசியது, இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை, ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்குகள். புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களின் பட்டியல் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில் வருகிறது. இதை ஆண்டோடு, குரல் உயராமல் சொன்னால் போதும்.

யாழ்ப்பாணத்து விவகாரம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கோயில் வழிபாட்டைக் கேலி செய்து மிஷனரிகள் துண்டுப்பிரசுரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் தமிழாக்கத்துக்கு உதவியவர் ஆறுமுக நாவலர். 1854இல் அவர் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். தூபம், தீபம், பலி, திருவிழா எல்லாம் உங்கள் மோசேயின் ஆகமங்களிலேயே இருக்கிறதே என்று இடம் காட்டிக் கேட்டார். கேலி செய்தவர்கள் நாவலரின் சமயத்தைப் படித்ததைவிட நாவலர் அவர்களுடைய வேதத்தை நன்றாகப் படித்திருந்தார்.

கடைசியாக, உன் தோழி கேட்டதில் மிகக் கடினமான கேள்வி: ‘உங்க சபையில ஜாதி இல்லையா?’ இதற்கு மழுப்பாதே. இருக்கிறது. நம் மாநிலத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே ஜாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்து மதத்திலும் இருக்கிறதே என்று திருப்பிவிடுவது பதில் அல்ல. இருக்கிறது, பாவம் என்று சொல். அதை எதிர்த்து சபைக்குள்ளேயே போராடுகிற கிறிஸ்தவர்களைப் பற்றியும் சொல். அதற்குமேல் அவள் கேட்டால் கேட்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுடைய கேள்விகளை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, சரியா என்று அவளிடமே காட்டிவிட்டு அனுப்பு. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா. சித்தி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
சித்தப்பா